தீர்ப்பில் இல்லாத புதர்

ஆறு சோத்கா நிலம்.
நீதிபதி மூன்று மூன்றாகப் பிரித்தார்.
நீராவிக் குளியலறை வெனியமினுக்கு,
கிணறு எனக்கு.
ஜீமலஸ்த் புதர் இரண்டைப் பற்றித்
தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை.
ஒன்று அவன் பக்கம் விழுந்தது,
ஒன்று என் பக்கம்.
நடுவே தகர வேலி அடித்தான்,
ஆணிக்கு ஒரு தடவை என்னைப் பார்த்துக்கொண்டு.

மே மாதம். டோம்ஸ்க் மண்ணில்
உறைபனி விடைபெறாத காலை.
மைனஸ் ஐந்திலும் பூத்தது:
வெளிறிய மஞ்சளில், தலை கவிழ்ந்த பூக்கள்.
கம்பளிக்கோட்டு போட்டது போல் கொழுத்த தேனீ ஒன்று
அவன் புதரில் புரண்டு,
தகரத்தின் மேலே ஏறி,
என் புதருக்கு வந்தது.
தீர்ப்பின் நகல் அதனிடம் இல்லை.

ஜூன் பாதியில்,
ஸ்ட்ராபெரி இன்னும் வெள்ளையாய்க் கிடக்கும்போதே,
நீலம்.
நீலமானதும் பறிக்கக் கூடாது.
தோல் முந்திக்கொள்ளும், உள்ளே பச்சையாகவே இருக்கும்.
கடித்துப் பார்க்க வேண்டும்; சிவந்திருந்தால்தான் பழம்.
வெனியமினுக்கு அந்தப் பொறுமை இருந்ததே இல்லை.
எனக்கும்தான், வேறு விஷயங்களில்.
கல்யாணத்துக்கு வந்த படுக்கை விரிப்பை
அடியில் விரித்துக் கிளையை உலுக்கினேன்.
கறை இன்னும் போகவில்லை.
போக வேண்டாம்.

மூன்றாம் இலையுதிர்காலம் தன் பாதியை விற்றான்.
போகும்போது புதரை வேரோடு தோண்டிக்
கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போனான்.
எங்கே நட்டான், நட்டானா,
கேட்கவில்லை.

மறு வருஷமும் என் புதர் பூத்தது, வஞ்சனை இல்லாமல்.
பழம் பதினொன்று. எண்ணினேன்.

ஒரு கிளையை மண்ணில் பதியம் போட்டேன்.
வேர் விட்டது. இலையும் அதே,
பட்டை நார்நாராய் உரியும் விதமும் அதே.
அதுவும் அவளேதான்.
தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்தால்
என்ன காய்க்கும்?

சந்தையில் நாற்று விற்ற தைசியா சொன்னாள்:
"வேறு ரகமாக இருக்கணும், ஒரே சமயத்தில் பூக்கணும்.
வேறு பொருத்தம் எதுவும் பார்க்காதே, அம்மணி."
பால் அட்டைப்பெட்டியில் வேரை நனைத்து
மின்ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பரிசோதகர் அதற்கும் டிக்கெட் கேட்டார்,
சிரிக்காமல்.

என் பக்கமே நட்டேன். ஒன்றரை மீட்டர் தள்ளி.

இந்த மே மாதம் கம்பளித் தேனீ வந்தது.
போன வருஷத்தவள் செத்திருப்பாள், இவள் மகளாயிருக்கும்.
பழைய புதரில் ஆசைதீரப் புரண்டாள்.
புதியதில் நாலே பூ. திரும்பியும் பார்க்கவில்லை.
தகரத்தின் மேலே ஏறி
அந்தப் பக்கம் போய்விட்டாள்.
அங்கே இப்போது யாரோ
உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள்.

வாளியைக் கீழே வைக்காமல் நிற்கிறேன்.
வருவாள்.