மைனஸ் பதினெட்டு

செனோக்கோவில் மீன்கள் உறைந்துதான் கிடக்கின்றன.
திரை மட்டும் சொல்கிறது,
பதினெட்டு டிகிரி, பதினெட்டு டிகிரி என்று.
நேற்று மாலை யாரையும் கேட்காமல்
தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மென்பொருள்
எண்ணுக்கு முன்னால் இருந்த சிறு கோட்டை
விழுங்கிவிட்டது.
பதினோரு மணியிலிருந்து அபாய மணி அடிக்கிறது.

கிடங்கின் இரவுப் பொறுப்பாளர் ஜுரைனா
அந்தச் சத்தத்துக்கும் மேலே போனில் கத்துகிறார்:
உள்ளே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டேன்,
தெங்கிரி கல்லாக இருக்கிறது,
இறால் கல்லாக இருக்கிறது,
என் விரலும் கல்லாகிவிட்டது.
உன் கம்ப்யூட்டரிடம் சொல்.

சொல்கிறேன்.
யீஷூனில், பன்னிரண்டாம் மாடியில்,
சோற்றுத்தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு
கறுப்புத் திரையில் ஒற்றை வரியாகச் சொல்கிறேன்:
புதியது வேண்டாம்.
2.4.1 மட்டும் கொடு.

அனுமதி இல்லை என்றது.
அனுமதியோடு கேட்டேன்.
அப்படி ஒரு பதிப்பே இல்லை என்றது.
இருப்பவை இவை என்று ஒரு பட்டியல் நீட்டியது,
எல்லாம் புதியவை,
எல்லாம் கோட்டை விழுங்கியவை.
பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

விசாரித்ததில் தெரிந்தது,
2.4.1 பழைய பைத்தானோடுதான் வருமாம்,
மைத்துனன் கைபிடிக்காமல் மணமேடை ஏறாத மாப்பிள்ளை.
சரி, மைத்துனனையும் வரவழைத்து,
புதியவன் கண்ணில் படாமல்
தனி அறை ஒதுக்கிக் கொடுத்தேன்.

மணி ஒன்றரை.
கீழே கோப்பிக்கடையில் நாற்காலிகளைக் கவிழ்த்துவிட்டார்கள்.
எதிர் புளோக்கில் ஒரே ஒரு சன்னல் எரிகிறது.
அங்கும் யாரோ எதையோ நிறுவிக்கொண்டிருக்கலாம்,
அல்லது ஒரு குழந்தைக்குப் பல் முளைக்கலாம்.

லோகேந்திரன் எழுதிவைத்துப் போன குறிப்பு இருந்தது.
ஆள் இப்போது பெர்த்தில்.
கடைசி நாளில், கேக் வெட்டக் கூப்பிடும்போது,
அவசரமாகத் தட்டியது.
'இதை அப்படியே ஒட்டு, வேலை செய்யும்.'
அப்படியே ஒட்டினேன்.
இன்னதென்று அறியாத சொல் என்றது.
மறுபடி ஒட்டினேன்.
ஒன்பது தடவை.
பிழைச்செய்தி கடைசி எழுத்துவரை ஒன்றாகவே இருந்தது,
நான்தான் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி படித்தேன்.
லோகேந்திரனைத் திட்டினேன்.
அவனுடைய கேக்கையும்.

எப்படிப் போகிறது, என்று குவெக் செய்தி அனுப்பினார்.
பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பதில் போட்டேன்.
பொய் இல்லை.
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எழுத்தைப் பெரிதாக்கியது
கண் எரிந்ததால்தான், புத்தியால் அல்ல.
இரண்டு சிறு கோடுகள் நிற்கவேண்டிய இடத்தில்
ஒரே நீளக் கோடு படுத்திருந்தது.
ஆவணம் எழுதும் செயலி, அழகு கருதி,
இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது.
லோகேந்திரன் சரியாகத்தான் தட்டியிருப்பான்.

பள்ளியில் எனக்கு ஒற்றோடு தீராத தகராறு.
வேலைக் கொடுத்தான், வேலை கொடுத்தான்:
ஒரு க் இருந்தால் கையில் ஆயுதம்,
இல்லாவிட்டால் கையில் உத்தியோகம்.
இவ்வளவு சின்னதற்கா ஐந்து மதிப்பெண் என்று
அன்றைக்குச் சண்டை போட்டவள்தான் நான்.

நீளக் கோட்டை அழித்தேன்.
ஒரு தட்டு.
இன்னொரு தட்டு.
எண்டர்.

வரிகள் ஓடின, நின்றன, ஓடின.
பாராட்டோ மன்னிப்போ இல்லாமல்
கர்சர் மட்டும் திரும்பி வந்து இமைத்தது.

ஜுரைனாவின் பக்கம் மணி பாதி அடியில் நின்றது.
அதற்குப் பின்னால் இத்தனை நேரமும்
குளிர்சாதனங்கள் உறுமிக்கொண்டிருந்தது
அப்போதுதான் கேட்டது.
இப்போது என்ன காட்டுகிறது, என்றேன்.
மைனஸ் பதினெட்டு, என்றார்.
அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்.

அடுத்து வருபவர்களுக்காகக் குறிப்பைத் திருத்த உட்கார்ந்தேன்.
இரண்டு கோடு தட்டி இடைவெளி விட்டதும்
கண்ணெதிரே ஒன்றாகி நீண்டன.
அழித்தேன், தட்டினேன்.
நீண்டன.
மூன்று இருபதுக்கு
எழுத்துக்கூட்டி எழுதிவைத்தேன்:
சிறு கோடு. பக்கத்தில் இன்னொரு சிறு கோடு.
ஒட்டக்கூடாது.