ரிஜெக்ட் கல்

வாரத்தில் ஆறு நாள் நான் கலர்தான் விற்கிறேன்.
மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் ஒரு சூரியன்,
மணப்பெண்ணுக்கு சுவிட்சர்லாந்து மலை,
காதுகுத்துப் பிள்ளையின் தலைமேல் தோகை விரித்த மயில்.
பர்கூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடி,
போர்டில் ஏழு நிறம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்
முப்பத்தாறு படம் கொள்ளும் சுருளை மாட்டிக்கொண்டு
பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவேன்.
"பொணத்தைச் சிரிக்கச் சொல்வியா அங்க?"
என்பாள் ஜெசிந்தா, தோசையைத் திருப்பிக்கொண்டே.
பதில் இருந்தால் சொல்லியிருப்பேன்.

செங்கல்லும் சுண்ணாம்புமாய் அறுபது எழுபது மேடுகள்.
எல்லாம் பேர் போன சிலுவைகள்;
மழையில் போன பேர்.
தை முடிகிற வாரத்தில்
ஒரு சின்ன மேடு முழுக்க மாம்பூ கொட்டிக் கிடக்கும்.
வெயில் ஏறுமுன்
பாசிக்கும் நிழலுக்கும் நடுவே
எத்தனை சாம்பல் என்று எண்ணத் தொடங்கி
ஒருமுறை பதினொன்றில் விட்டுவிட்டேன்.
கலர் சட்டென்று சொல்லிவிடும்,
இது சாமந்தி, இது மெழுகுவர்த்தி என்று.
கறுப்பு வெள்ளை கொஞ்சம் யோசிக்கும்.
அது யோசிக்கிற நேரத்துக்காகத்தான் போகிறேன் போல.

சுவர் இடிந்த பக்கம், கிணற்று மேட்டில்
கெம்பம்மா துணி துவைக்கிற கல்லை
இரண்டு வருஷம் தாண்டிக்கொண்டே போயிருக்கிறேன்.
நம் மலையை அறுத்து, கண்ணாடியாக இழைத்து
கப்பல் ஏற்றுகிறார்களே, அந்தக் கறுப்பு.
ஒரு நாள் நுரை வழிந்து விலகியதும்
இங்கிலீஷ் எழுத்து.
மார்கரெட் ஹோல்ட்டன்.
1931 – 1913.

பிறப்பதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே
இறந்துவிட்டாள் மார்கரெட்.
இப்போது ஏதோ ஒரு பனியில்
வேறு கல்லுக்கடியில், சரியான தேதியோடு
அவள் படுத்திருக்கலாம்.
இங்கே அவள் பெயரின் மேல்
ஒரு யூனிபார்ம் சட்டை, இரண்டு பாவாடை, ஒரு லுங்கி
மாறி மாறி அடி வாங்கின.

"வெயில் ஏறிட்டா கறுப்பு கையைப் பொசுக்கிடும்,
எடுக்கிறதுன்னா சீக்கிரம் எடு" என்றாள்.
குனிந்து பார்த்தேன்.
கல்லுக்குள்ளே நான்.
இரண்டு வருஷங்களுக்கும் நடுவிலிருந்த கோடு
என் மூக்கின் மேல் கிடந்தது.

சுருளில் கடைசிப் படம் மிச்சம்.
"என்னையும் ஒண்ணு புடி, விதவைப் பென்சனுக்கு."
ஈரக் கையைப் புடவையில் துடைத்து
காதோர முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

நான்காம் நாள் மாடியேறி வந்தாள்.
"கலர்ல வேணுமாம்.
பின்னாடி வெள்ளையா இருக்கணுமாம்.
ஆபீஸ்ல அந்தப் பொண்ணு
செத்தவங்க போட்டோவான்னு கேக்குது."

ஸ்டூலில் உட்காரவைத்து விளக்குப் போட்டேன்.
அப்போதுதான் பார்த்தேன்,
புடவை நல்ல கிளிப்பச்சை.
கெம்பு என்றால் அவள் பாஷையில் சிவப்பாம்,
அவளே சொன்னாள், முகத்தை நேராக வைக்கச் சொன்ன நேரத்தில்.

பிரிண்ட் வருவதற்குள்
மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்த கல்லைக் கண்டுபிடித்துவிட்டாள்.
இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும்.
விரல் நேராக 1913-க்குப் போனது.

"இருபதுன்னு வெட்ட வேண்டியது.
ராத்திரி ஷிஃப்டு, ஒரே இருமல்.
பத்தொம்போதுன்னு வெட்டிட்டாரு.
மூணு மாசம் சம்பளத்துல புடிச்சாங்க.
புடிச்சாச்சுன்னா கல்லு நம்மளுதுதானேன்னு
ஆட்டோ வச்சி ஏத்திக்கிட்டு வந்துட்டாரு."

அவரை எங்கே வைத்தார்கள் என்று கேட்டேன்.
ஏரிக்கரைப் பக்கம் கையைக் காட்டினாள்.
அங்கே கருவேலம் தவிர எதுவும் இல்லை,
எனக்குத் தெரியும், படம் எடுக்கப் போய்
ஒன்றும் இல்லை என்று திரும்பியிருக்கிறேன்.

"இது அவரு கையெழுத்து.
இது என்னா வெலை?"

பாஸ்போர்ட் சைஸ் எட்டுக்கு மட்டும்
காசு வாங்கினேன்.