இரண்டு விரல்

ஒரு விரல் என்றால் வேகப்பந்து.
இரண்டு என்றால் வளைவு.
தொடைகளின் நிழலுக்குள் காஸ் வோய்ட்டாக் காட்டுவான்,
பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல்
கடன் கேட்கிறவனைப் போல.

பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்ப் பந்து
இரண்டாம் இன்னிங்ஸிலேயே கறுத்துவிடும்.
காற்றிலும் நிலக்கரி, உமிழ்நீரிலும் நிலக்கரி.
மாதம் எழுபத்தைந்து டாலர்,
வெளியூர் ஆட்டமென்றால் சாப்பாட்டுக்கு இன்னும் ஒன்று.
அதற்குப் பெயர் தொழில்முறை ஆட்டம்.

நாற்பத்திரண்டு ஜூனில்
ஆட்டத்துக்குப் போகும் அதே பேருந்தில்
மருத்துவச் சோதனைக்குப் போனோம்.
என் இடது காதருகே கைக்கடிகாரத்தைப் பிடித்தார் டாக்டர்.
"நின்னு போச்சா?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
தாளில் ஒரு முத்திரை குத்தினார்.

வெளியே வந்து சொன்னேன்.
காஸ் என் தொப்பியைக் கழற்றித்
தன் தலையில் வைத்துக்கொண்டான்.
"அப்ப மேட்டை நீ பாத்துக்கோ."
அந்தத் தொப்பியோடுதான் போனான்.

அடுத்த வருஷம் எங்களை விரல்விட்டு எண்ணலாம்.
ஷார்ட்ஸ்டாப்பில் நாற்பத்து நாலு வயது முடிதிருத்துகிறவர்,
இடது மைதானத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பையன்.
ரப்பரும் போருக்குப் போயிருந்தது;
பந்தின் வயிற்றில் வேறு என்னவோ பிசின்.
நன்றாக அடிபட்ட பந்தும்
செத்த தவளையாய் விழுந்தது.
பதினான்கு ஆட்டம் ஜெயித்தேன்.
யாரை என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் பேஸ் பக்கம் உட்காருவாள் திருமதி யுர்ச்சாக்.
மகன்கள் இருவரும் பசிபிக்கில்.
அவள் பந்தைப் பார்த்ததில்லை;
என் கால்களையே பார்ப்பாள்,
சின்ன நொண்டலாவது தெரிகிறதா என்று.
ஒருநாள் அவளுக்காகக்
கொஞ்சம் நொண்டினேன்.

பெல்ஜியத்திலிருந்து காஸ் எழுதினான்:
"பந்துக்காரன் என்று தெரிந்ததும்
கையெறிகுண்டு மூட்டையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.
எறிந்ததும் படுக்க வேண்டும்.
நானோ நின்று பார்க்கிறேன்.
எறிந்தது திரும்பி வரும் என்று
கைக்குப் பழகிப்போச்சு, எல்டன்."
அதற்குப் பின் கடிதமில்லை.

நாற்பத்தாறு ஏப்ரலில் வந்தான்.
வலது கை கோட்டுப் பைக்குள்,
இடது கையில் ஏற்கெனவே கையுறை.
முகமூடி மாட்டி, முழங்கால் மடக்கி,
எங்கள் நிழலுக்குள் கையை இறக்கினான்.

கட்டைவிரல்.
மோதிர விரல், சுண்டு விரல்.
நடுவே
பல் விழுந்த இடம்போல் வெளிச்சம்.

ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை.
ஆனாலும் காட்டினான்.
மணிக்கட்டின் அந்தப் பழைய அசைவு எனக்குத் தெரியும்.
தலையாட்டினேன். வளைவு எறிந்தேன்.
பந்து வளையும் முன்பே
கையுறை அங்கே போய்க் காத்திருந்தது.

பிடிப்பதில் ஒரு குறையும் இல்லை.
இரண்டாம் பேஸுக்கு எறிவதுதான்:
நனைந்த சோப்புக் கட்டியாய்ப் பந்து நழுவி
என் முழங்காலருகே புரண்டது.
எதிரணி கண்டுகொண்டது.
மூன்று இன்னிங்ஸில் ஏழு பேர் ஓடினார்கள்.
ஏழாவதாக ஓடியவன் சின்னப் பையன்;
பேஸில் நின்று, குனிந்து,
கால்சட்டையின் மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தான்.
நிமிரவே இல்லை.
மேனேஜர் பர்டெட்
தன் ஷூ கயிற்றை அவிழ்த்தார், கட்டினார்,
மறுபடி அவிழ்த்தார்.

திரும்பும்போது பேருந்தில் நிறைய இடம் காலி.
காஸ் வந்து என் இடப்பக்கம் உட்கார்ந்தான்.
எந்தக் காது என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு ஊர் தாண்டும்வரை பேசினான்.
எதிர் ஜன்னலில்,
நிலக்கரி வண்டிகளுக்கு மேலே,
அவன் வாய் அசைவது தெரிந்தது.
நான் அங்கங்கே தலையாட்டினேன்,
குறி புரிந்தவனைப் போல.