அறுபது சொற்களுக்குள்

ஆண்டறிக்கையில் ஆளுக்கு அறுபது சொல்.
பெயர், படிப்பு, பின்னணி.
தட்டச்சு செய்பவன் நான், மார்ச் வரைக்கும் தற்காலிகம்;
எனக்குப் பக்கம் கிடையாது.

இயக்குநர் ஹில்டா தேவகிருபை
மூன்று பக்கம் அனுப்பியிருந்தார்.
வெட்டினேன்.
விருதுகள் போயின, ஜெனீவா போயிற்று,
பதினோரு வருடம் அறுவை மேசையருகே நின்றவர்
ஒரு புதன்கிழமை கத்தியைக் கீழே வைத்த காரணமும்
போகவிருந்தது.
"இது இருக்கட்டுமா மேடம்?"
"அது அறிக்கைக்கு இல்ல."
எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார்.
வெளியே மழை ஒன்றும் இல்லை.

புள்ளியியல் பார்க்கும் பெள்ளிராஜ்
விடியலில் அரை ஏக்கர் கொழுந்து கிள்ளி
தொழிற்சாலை வண்டியில் எடை போட்டுவிட்டு
விரல்நுனிக் கறையோடு வருவார்.
பச்சைத் தேயிலை விலையை
ஹீமோகுளோபின் வரைபடத்தின் மேல்
பென்சில் கோடாக இழுத்திருக்கிறார்.
இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன.
"தற்செயலாவும் இருக்கலாம்" என்கிறார்,
அழிப்பானைத் தொடாமல்.

தவமலர் பிறந்த ஊர் என்ற இடத்தில்
மண்டபம் முகாம் என்று எழுதி, அடித்து,
கோத்தகிரி என்று எழுதி, அதையும் அடித்து,
முதலில் அடித்ததன் கீழே புள்ளிகள் வைத்திருந்தார்:
அடித்தது செல்லும்.
அம்மா பதுளையில் பறித்தவர்,
கப்பலேறி வந்து இங்கும் பறித்தவர்.
மகளின் முனைவர் பட்டம்
தோட்ட டிஸ்பென்சரியில் எல்லா நோய்க்கும் ஊற்றித் தந்த
ரோஸ் நிறத் தண்ணீரைப் பற்றி.
"அதுல என்னதான் இருந்தது?"
"அதத்தான் நானூறு பக்கம் கேட்டிருக்கேன்."

புகைப்படக்காரர் குன்னூரிலிருந்து வந்தார்.
"பின்னணி சரியில்ல, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."
பள்ளத்திலிருந்து ஏறிய மூடுபனி
பெயர்ப்பலகையைத் தின்றுகொண்டிருந்தது.
சமூகம் முதலில் போயிற்று.
மருத்துவம் சற்று நேரம் நின்றது,
பிறகு அதுவும் இல்லை.

நாற்பது நிமிடம்.
ரங்கி அக்கா படியில் உட்கார்ந்து
ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்து மூடினார்.
"அக்கா, உங்க குறிப்பு?"

படிப்பு: ஐந்தாம் வகுப்பு.
பதவி: களப் பணியாளர், ஒன்பது வருடம்.
எட்டுச் சொல். மிச்சம் ஐம்பத்திரண்டு.

"கீழ்ப்பதியில எந்த வீட்டு நாய் கடிக்கும்னு தெரியும்.
ஊசின்னா பசங்க எந்தப் பலாவுல ஏறுவாங்கன்னு தெரியும்.
எத்தன நாளா வலின்னு டாக்டரம்மா கேட்டா
எந்த மழையிலேர்ந்துன்னு எங்க பேச்சுல மாத்திக் கேப்பேன்.
அப்புறம்..."
குரல் மாறவில்லை.
"ஏழாம் அட்டவணையில நானும் இருக்கேன்.
நானூத்திப் பதினேழு.
என் ரத்தத்த நானேதான் பெட்டியில வச்சு
சோலூர்மட்டம் வரைக்கும் நடந்து பஸ்ல ஏத்துனேன்.
எம் மக நானூத்திப் பதினெட்டு.
அவ இப்ப அந்த அட்டவணையில மட்டும்தான் இருக்கா."

அரிவாள் அணுச் சோகை, பக்கம் நாற்பத்தொன்று.
அந்த எண்களை அடித்தவன் நான்.
பதினேழுக்குப் பின் பதினெட்டு வருவதில்
அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.
இருக்கவில்லை.

"இதெல்லாம் போட்டுறாத," என்றார். "உனக்குச் சொன்னேன்."

பனி விலகியது. ஓடிவந்து நின்றோம்.
"அந்தப் பெட்டியக் கீழ வைங்கக்கா, படத்துக்கு நல்லால்ல."
"வைக்க முடியாது. உள்ள ஆளுங்க இருக்காங்க."
யாரோ சிரித்தார்கள்.
படத்தில் பெட்டி இருக்கிறது,
இடது ஓரம், கொஞ்சம் அசைந்து.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் அச்சகத்திலிருந்து போன்.
"பன்னெண்டாம் பக்கம் ஒரு கட்டம் காலியா கிடக்கு சார்.
பூ டிசைன் ஒண்ணு போட்டுரவா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
யாரிடமும் கேட்கவில்லை.
திங்களன்று மறுபடி அழைத்தார்கள்.