மூன்றாம் தடம்

நாங்குநேரி சுங்கச்சாவடியில்
மூன்றாம் தடத்துச் சன்னல் என்னுடையது.

குவாரி லிங்கதுரையின் பென்ஸ் வந்தால்
கண்ணாடி சரியாக என் கைமட்டத்தில் நிற்கும்,
அளந்து கட்டியதுபோல.
அவர் பின்சீட்டில், பேப்பருக்குப் பின்னால்.
முகம் பார்த்ததில்லை. டிரைவர்தான் சிரிப்பான்.

போன ஆனியிலிருந்து மஞ்சள் போர்ஷே ஒன்று,
அவர் சகலை மகன் விபின் ஓட்டுவது.
எக்கிக் குனியவேண்டும் அதற்கு;
கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வரும் கை,
என் வருசச் சம்பளம் அந்த மணிக்கட்டில் டிக் டிக்.
பிறகு வள்ளியூரிலிருந்து சிவப்பு ஒன்று,
பச்சைப்பாம்பு நிறத்தில் இன்னொன்று.
ஞாயிறு விடியலில் காற்றாலைகள் திரும்பிப் பார்க்கும் சத்தம்.
பென்ஸ் ஒதுங்கும்,
ஒதுங்குவதையும் ஒரு தானம்போல.

நேற்று மஞ்சளுக்கு ஃபாஸ்டாக்கில் பணமில்லை.
நானூறு குதிரைகள்
வெள்ளைச் சிவப்புக் கழி ஒன்றின் முன்னால்
உறுமிக்கொண்டு நின்றன.
பின்னால் பென்ஸ். ஹாரன் இல்லை.

"போன்ல சார்ஜ் இல்லக்கா."
சில்லறையும் இல்லை;
சில்லறை வைக்க அந்தக் காரில் இடமே இல்லையாம்.

பென்ஸ் டிரைவர் இறங்கி வந்தான்,
ஐநூறு ரூபாய்த் தாளோடு:
"முதலாளி குடுக்கச் சொன்னாக."
கழி எழுந்தது.
நன்றி சொன்னானோ என்னவோ,
மூன்றடைப்புப் பக்கம் ஒரு மஞ்சள் கீறல்.

பேப்பர் மெல்ல இறங்கியது.
முதன்முதலாய் அந்த முகம்;
மீதிச் சில்லறையைப் பார்க்கவில்லை,
சாலையைப் பார்த்தது,
பந்தி முடிந்தபின் வந்தவரைப்போல.

"அதுக்கு எம்புட்டும்மா ஆகும்?"

"எந்தக் காருன்னாலும் ஒரே ரேட்டுதான் சார்.
டேக்ல பணம் இல்லைன்னா ரெட்டிப்பு."