கைமாற்று

எங்கள் கம்பெனியில் கடிகாரத்துக்குக் கடன் கிடையாது.
தேவகோட்டை கிளையில் மட்டுமல்ல, எந்தக் கிளையிலும்.
சொன்ன பிறகும் அருஞ்சுனை
கண்ணாடித் தடுப்புக்கு அடியில் அதைத் தள்ளினான்.
சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிய காலத்தில்
தேக்காவில் பழசாக வாங்கியதாம்.

என் கை எடை பார்த்த கை.
வளையலுக்குள் அரக்கு எவ்வளவு என்று
உரைகல்லுக்கு முன்பே விரல் சொல்லிவிடும்.
கடிகாரத்தைத் தூக்கியதும்
உள்ளங்கையில் அது புரண்டது,
மஞ்சப்பைக்குள் கெளுத்தி மாதிரி.

உள்ளே ஏதோ கழன்றிருக்கு.
கழலல மேடம், அது அப்படித்தான்.

அரைவட்டமாக ஒரு எடைத்தகடு.
கை அசைந்தால் சுற்றும்.
ஒரு பக்கம் சுற்றினால் சுருள்வில் ஏறும்,
அது வெளியே தெரியாது.
மறுபக்கம் பிடிப்பில்லை. இழுக்கச் சுமையில்லை.
தன்பாட்டுக்குச் சுழலும்.
வேலை செய்யாத சுற்றுதான் மேடம்
கைக்குத் தெரியுது.

பதினாறு வருடமாக வட்டி போடுகிறவள் நான்.
ஒரு பக்கம் மட்டும் ஏறுவது என்றால் என்னவென்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
மறுபக்கத்தைப் பற்றி
யாரும் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜூஸ் கடையில்,
கம்பெனிக்குத் தெரியாமல் பன்னிரண்டாயிரம்.
லோடு வண்டிக்கு டயர் போட.
கைமாற்று என்றேன்; நூற்றுக்கு இரண்டு என்றும் சொன்னேன்.
கொடுக்கும் முன் மேல் பொத்தானை அழுத்தினான்.
நடுமுள் துள்ளிக் கிளம்பியது.
நான் வர்ற வரைக்கும் எண்ணட்டும்.
பன்னண்டு மணி நேரத்துக்கு மேல
அதுக்கு எண்ணத் தெரியாது,
திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கும்.

பீரோவில், பட்டுக்கு அடியில் வைத்தேன்.
மூன்றாம் நாள் காலை நின்றிருந்தது.
அடகுப் பொருள் நிற்பதில் தவறொன்றும் இல்லை.
ஆனாலும் எடுத்தேன். ஒரு உதறு.
உள்ளே அது எழுந்து ஒரு சுற்று சுற்றிப் படுத்தது.

அன்றிலிருந்து கட்டினேன்.
வார் தொளதொளத்தது; கோணியூசியைச் சுட வைத்து
எனக்கென்று ஒரு துளை.
காரைக்குடி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து வளைவில் சாய்கையில்
கூடவே சாய்ந்தது.
வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு கரைத்துக்
கரண்டியை வைத்த பிறகும்
மணிக்கட்டுக்குள் யாரோ
கரைத்துக்கொண்டே இருந்தார்கள்.
கிளை மேலாளர் இலக்கு பற்றிப் பேசியபோது
மேசைக்கு அடியில் கையை லேசாக வீசுவேன்.
அந்தப் பக்கம்தான் வீசுவேன்,
ஒன்றும் ஏறாத பக்கம்.

ஒன்பதாம் மாதம் வந்தான். டயர் ஓடியிருக்கிறது.
அசலும் வட்டியும் ரப்பர் பேண்ட் போட்டு.
ஜூஸ் கடையில் அதே பெஞ்சு.
கடிகாரத்தைக் காதில் வைத்தான்,
சின்ன வட்டத்தைப் பார்த்தான்:
ஏழு மணி நேரம், சொச்சம்.

பெட்டியில இருந்தா ரெண்டு நாள்ல
நின்னுருக்கணுமே.

நான் சர்பத்தைக் கலக்கினேன்.
அவன் வாரை நிமிர்த்திப் பிடித்தான்.
புதுத் துளை வழியே வெயில்
மேசையில் ஒரு புள்ளி வைத்தது.

அப்ப மேடம், வாடகை யாரு குடுக்கிறது?

சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.
கணக்கு என்றால் கணக்கு.
கட்டிலிருந்து இரண்டு மாத வட்டியை
எண்ணித் திருப்பி வைத்தேன்.
அவன் அதில் ஒரு ஐம்பதை எடுத்து
சர்பத்துக்குக் கொடுத்தான்.
கீழ்ப் பொத்தானை அழுத்தவில்லை.
எண்ணுவதை எண்ணவிட்டு
வண்டியில் ஏறினான்.

ராத்திரி கொசுவுக்குக் கையை வீசினேன்.
கொசு போனது. கை நின்றது.
கை நின்ற இடத்திலேயே
எல்லாம் நின்றது.