முடவன் முழுக்கு

ஈப்போவில் ஏறி
சிங்கப்பூரில் பதினோரு மணிநேரம் கிடந்து
மாயவரம் வந்தேன்.
துலாக்கட்டத்தில் நேற்றைய கூட்டத்தின்
ஒற்றைச் செருப்புகள்.

"கடைமுகம் நேத்தே முடிஞ்சுதுங்க"
குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து ஆட்டோக்காரர்.
இருபத்துநான்கு டிகிரி;
அவருக்குக் குளிர்காலம்.
"இன்னிக்கு லேட்டா வந்தவங்களுக்கு."

நடக்க முடியாத ஒருவன் பிந்தி வந்தானாம்,
அவனுக்காக ஒருநாள்
ஆறு காத்திருந்ததாம்.
எனக்கு விமானக் கம்பெனி ஒரு சாண்ட்விச் கொடுத்தது.

படியில் தையல்நாயகி,
நைட் டியூட்டி முடித்த நர்ஸ்:
"பையில பாஸ்போர்ட்டா? குடுங்க.
நான் முங்குறப்ப நீங்க புடிங்க."

கொடுத்தேன்.
முழங்கால் தண்ணீர்,
உட்கார்ந்தால்தான் தலை நனையும்.
உட்கார்ந்தேன்.

எழுந்தபோது
என் பாஸ்போர்ட்டைப் பிரித்து வைத்திருந்தாள்.
"இதுல சிரிக்கவே இல்லியே நீங்க."